ஈரக் கையும் சலூன் நாற்காலியும்

என் வீட்டில் எனக்கு வடை கொடுக்கும்போது பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு வைப்பதில்லை. வைத்தால் வடையைச் சொம்பில் ஒரு முக்கு முக்கிவிட்டுத்தான் சட்னியில் தொடுவேன். வேண்டுமென்று செய்வதல்ல, கை தானாகப் போய்விடும். முலாம் பட்டறையில் பிழைத்தவனின் கை அது. ஒரு தொட்டியிலிருந்து எடுத்தால் தண்ணீர், அடுத்த தொட்டியில் போடுவதற்கு முன்னால் தண்ணீர், முடித்த பிறகும் தண்ணீர். கல்யாணத்தன்று ஐயர் மட்டும் அசந்திருந்தால் தாலியையும் நனைத்துவிட்டுத்தான் கட்டியிருப்பேன் என்பது என் மனைவியின் வாதம். நான் மறுத்ததில்லை.

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தத் தொட்டியில் என்ன, எவ்வளவு சூடு என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை எழுதியவர் என்னைவிடப் படித்தவர், தப்பாக இருக்காது. நான் சொல்லப்போவது சுவரில் ஒட்ட முடியாத சமாச்சாரம்: அலுமினியத்தின் மேலிருக்கும் பழைய பூச்சைக் கழற்றும்போது எங்கே பார்க்க வேண்டும் என்பது. நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்ததால் கற்றுக்கொண்டது.

குரோம் பூசிவிட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் மினுக்கும். இரும்பா, பித்தளையா, அலுமினியமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கையில் தூக்கிப் பார்க்க வேண்டும், காந்தத்தைக் காட்ட வேண்டும். எனக்கு முன்னால் இருந்த பெரியவர் ஒருவர் இரண்டும் செய்யாமல், ஏதோ இயந்திரத்தின் அலுமினிய மூடியை இரும்பென்று நினைத்து, அலுமினியத்தைத் தின்றுவிடும் காஸ்டிக் தொட்டியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து கொக்கியை விட்டுத் துழாவியபோது கிடைத்தது வளையல் மாதிரி ஒரு விளிம்பு மட்டும். மூடியின் சொந்தக்காரரிடம் அதை நீட்டி, "இது மிச்சமுங்க" என்றாராம். அந்தத் துணிச்சல் எனக்கு வந்ததே இல்லை.

அதனால்தான் அலுமினியத்துக்கு நைட்ரிக். கெட்டியான நைட்ரிக் அமிலத்தில் அலுமினியம் ஒரு மெல்லிய தோலைப் போர்த்திக்கொண்டு சாதுவாக உட்கார்ந்துவிடும். அதன் மேலிருக்கும் பழைய நிக்கலும் செம்பும் கரையும், ஒட்டியிருக்கும் குரோம் ஏடு ஏடாக உதிரும். ஒரே நிபந்தனை, தண்ணீர் சேரக் கூடாது. தண்ணீர் சேர்ந்தால் அமிலத்தின் வேகம் குறைந்துவிடும் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள், ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். அலுமினியத்தின் விஷயத்தில் தண்ணீர் கலந்த நைட்ரிக்தான் கடிக்கிற நாய். பொருள் சருகாய்க் காய்ந்திருக்க வேண்டும், தொட்டியும் தண்ணீர் படாமல் இருக்க வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். என் கைக்குத்தான் தெரியாது.

கவிதா வடகரப்பதியிலிருந்து வந்தாள். அவள் அப்பாவின் சலூனுக்கு நானும் போயிருக்கிறேன், தலையில் முடி இருந்த காலத்தில். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு கத்தியை மகள் எடுத்துக்கொண்டாள். பாலக்காட்டில் போய் முறையாகப் படித்து, அங்கேயே பக்கத்திலிருக்கும் சித்தூரில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்து, இப்போது அப்பாவின் கடையைத் தன் பெயரில் திறக்கப்போகிறாள். பஞ்சாயத்து லைசன்ஸ் வந்துவிட்டது, உத்காடனத்துக்கு, அதாவது திறப்பு விழாவுக்கு, நாளும் குறித்தாயிற்று, மெம்பர் வந்து ரிப்பன் வெட்டுகிறார்.

இடைஞ்சல் பெரியப்பா. கடை இருக்கும் அறை அவருடையது. ஆம்பளைகளுக்குப் பொம்பளை சவரம் செய்தால் எவன் வருவான் என்று அவர் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அறையைக் கேட்டு ஒரு மொபைல் கடைக்காரர் காத்திருந்தார். குறித்த நாளில் கடை திறந்து, நாலு ஆள் உட்கார்ந்து எழுந்து போனால் அறை அவளுக்கு. இல்லையென்றால் மொபைல் கடைக்கு. குடும்பத்தில் கூடிப் பேசி முடித்த பேச்சு.

அப்பாவின் நாற்காலி நல்ல கனமான, சுழல்கிற நாற்காலி. இரண்டு கைப்பிடிகளும் கால்மிதியும் வார்ப்பு அலுமினியம், மேலே குரோம். அந்தக் குரோம்தான் உப்பி, வெடித்து, பிளேடு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் உள்ளங்கையை அது கிழித்துவிட்டதாம். அதே அளவில் வேறு கைப்பிடி எங்கேயும் கிடைக்கவில்லை, கோயம்புத்தூர் வரைக்கும் தேடிவிட்டாள். மூன்றையும் ஒரு சாக்குப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் பட்டறை வாசலில் வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டாள்.

விட்டுவிட்டுப் போ அம்மிணி, ஆனதும் சொல்லியனுப்புகிறேன் என்றேன்.

"இல்லீங்ணா. நா பக்கத்துலயே நின்னுக்கறேன்."

"எம்மேல நம்பிக்கை இல்லியா?"

"உங்க மேல இருக்குதுங்க. எந்நேரமும் சொட்டச் சொட்ட இருக்கற உங்க கை மேலதான் இல்லீங்க."

பட்டறையே சிரித்தது. எங்கள் முதலாளி சித்தூர்க்காரர், வீட்டில் மலையாளம் பேசுகிறவர், அவர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். அவர் அந்தச் சிரிப்பை அளவோடு வைத்திருக்கலாம் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படியென்று உங்களுக்குத் தெரியும், மேற்கேயிருந்து புறப்பட்டு தென்னந்தோப்பைப் பிய்த்துக்கொண்டு வரும். நைட்ரிக் தொட்டி கொட்டகையின் நடுவில். கவிதா நின்றது கிழக்குப் பக்கம், மோட்டார் அறைச் சுவரோரமாக. காற்று வருகிற பக்கம் எது, போகிற பக்கம் எது என்று பார்த்து ஆளை நிறுத்த வேண்டியது என் வேலை. நான் அப்போது கையுறை மாட்டிக்கொண்டு, முகமூடியைச் சரிசெய்துகொண்டு, என் கையைப் பற்றி அவள் சொன்னதற்குப் பதிலடியாக ஒரு நல்ல வார்த்தையை யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதல் கைப்பிடியின் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன், அலசினேன், துணியால் துடைத்தேன். அவள் பார்க்கிறாள் என்பதால் இரண்டாவது தடவையும் துடைத்தேன். பிறகு தொட்டியை நோக்கி நடந்தேன். போகிற வழியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. மேற்கொண்டு சொல்ல வேண்டுமா? வடை கதைதான். அதைக் கடக்கும்போது கை கைப்பிடியைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, அப்படியே கொண்டுபோய் நைட்ரிக்கில் இறக்கிவிட்டது. கவிதா பார்த்திருக்கிறாள். இதுவும் ஒரு முறைபோல என்று நினைத்துக்கொண்டாளாம்.

பழைய பூச்சு கரையும்போது கொஞ்சம் செந்நிறப் புகை எப்போதுமே வரும். அதற்குத்தான் முகமூடி, இப்போது உங்களுக்கெல்லாம் உறிஞ்சும் குழாய்கூட இருக்கிறது. அன்று வந்தது அந்தக் கொஞ்சம் அல்ல. கைப்பிடியின் அடிப்பக்கம் பள்ளமாக வார்க்கப்பட்டது. அந்தப் பள்ளத்துக்குள் நான் முகந்து கொண்டுபோன தண்ணீர் மொத்தமும் இருந்தது. அடியில் குபுகுபுவென்று நுரைத்தது. கறுஞ்சிவப்பாகப் புகை கிளம்பியது. மேலே போகாமல், காற்றோடு படுத்து, நேராகக் கிழக்கே போனது.

அந்த நேரத்தில் என் முன்னால் மூன்று விஷயங்கள். தொட்டிக்குள் கரைந்துகொண்டிருக்கும் கைப்பிடி. கிழக்கே கவிதா. மேற்கேயிருந்து ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வருகிற முதலாளி.

"வெள்ளம் ஒழிக்கு மணீ, வெள்ளம் ஒழிக்கு!" என்று என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தார். அவர் தண்ணீரை வெள்ளம் என்பவர், ஊற்று என்பதை ஒழிக்கு என்பவர். அன்று அது உண்மையிலேயே வெள்ளமாகத்தான் ஆகியிருக்கும். அந்த வாளி மட்டும் தொட்டிக்குள் விழுந்திருந்தால் தொட்டி கொதித்து எழுந்து எங்கள் எல்லோர் மேலும் தெறித்திருக்கும். கைப்பிடியின் கதையும் அந்த மூடியின் கதையாகியிருக்கும்.

கவிதா அதைவிடப் பெரிய காரியம் செய்தாள். புகையைப் பார்த்ததும் விலகுவதற்குப் பதிலாகத் தொட்டியை நோக்கி ஓடி வந்தாள். அவள் நாற்காலியல்லவா?

கொக்கி என் கையிலேயே இருந்தது. குனிந்தால் கைப்பிடியைத் தூக்கிவிடலாம். தூக்கியிருந்தால் ஒரு கீறல்கூட இல்லாமல் தப்பியிருக்கும், இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அதற்குள் அவள் புகைக்குள் வந்திருப்பாள். கொக்கியைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"அம்மிணி, இக்கட்ட வராத! சுத்திக்கிட்டு மேக்க ஓடு. காத்து வர்ற பக்கம் ஓடு!"

அவள் நிற்கவில்லை. "கைப்பிடி போகுதுங்ணா!"

"போனாப் போகுது, ஓடுன்னா ஓடு!"

நான் யாரையும் அதட்டிப் பேசி அவள் கேட்டதில்லை. பட்டறையிலும் ஒருவரும் கேட்டதில்லை. என்னையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த ஆச்சரியத்தில்தான் அவள் திரும்பி, சுற்றிக்கொண்டு மேற்கே ஓடினாள் என்று நினைக்கிறேன். அதற்குள் முதலாளி வந்துவிட்டார். அவரிடம் விளக்கம் சொல்ல அவகாசமில்லை. வாளியைக் காலால் உதைத்தேன். அத்தனை தண்ணீரும் அவர் வேட்டியில். வாழ்நாளெல்லாம் எதையாவது நனைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன், அதில் சரியாக நனைத்தது அந்த வேட்டி ஒன்றைத்தான்.

அதன் பிறகு காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கீழே கிடந்த கொக்கியை எடுத்துக் கைப்பிடியைத் தூக்கி, பெரிய தண்ணீர்த் தொட்டியின் அடிவரை ஒரே அமுக்காக அமுக்கினேன். கொஞ்சம் தண்ணீர்தான் ஆபத்து, நிறையத் தண்ணீர் மருந்து. இந்த வித்தியாசத்தைச் சுவரிலும் ஒட்டிவையுங்கள்.

புகை அடங்கியதும் கைப்பிடியை எடுத்துப் பார்த்தோம். மேல்பக்கம் ஒன்றும் ஆகவில்லை. பழைய பூச்சு பெரும்பாலும் போயிருந்தது. அதற்காகப் பாராட்டைக் கேட்டு வாங்கலாம் என்று நினைத்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். முன்நுனியில், விரலை வளைத்துப் பிடிக்கும் அடிப்பக்கத்தில், ஒரு விரல்நுனி உட்காரும் அளவுக்குக் குழி. கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரியும்.

அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். மீதி இரண்டையும் சாக்குப்பைக்குள் திரும்பப் போட்டாள். நான் என்னவெல்லாமோ சொன்னேன். பற்றவைத்து அடைத்துவிடலாம் என்றேன், தேய்த்துச் சமமாக்கிவிடலாம் என்றேன். அதற்கெல்லாம் நாள் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"இது போச்சுன்னா ரூமு போயிருமுங்ணா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் வாடிக்கையாளருக்கு ஆறுதல் சொல்லாதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள். பூச்சைக் கழற்றாமல் அரத்தால் ராவினால் ஓரிரு மாதத்தில் மறுபடி உப்பி அடுத்தவர் கையைக் கிழிக்கும், கழற்றுவதென்றால் இதே தொட்டிதான், வேறு வழி என்னிடம் இல்லை என்று சொன்னேன். தப்பு தொட்டியினுடையது அல்ல, கொண்டுபோன தண்ணீருடையது என்றும் சொன்னேன்.

அவள் சாக்குப்பையின் வாயைப் பிடித்தபடியே கேட்டாள். "தண்ணி இல்லாமப் போச்சுன்னா கடிக்காதுங்களா?"

"கடிக்காது."

"சொட்டுக்கூட இல்லாமப் போனா?"

"சத்தியமா கடிக்காது."

"அப்படின்னா உள்ள எறக்கற நேரம் வர்றவரைக்கும் நீங்க தொடாதீங்க."

தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்தாள். கடைக்கென்று அன்று காலையில்தான் சித்தூரில் வாங்கிய முடி உலர்த்தும் கருவி, பெட்டிகூடப் பிரிக்காமல் இருந்தது. பிரித்தாள். எங்கள் மேசையில் துண்டை விரித்தாள், பட்டறையில் வேறொருவர் பிசுக்கெடுத்து அலசித் தந்த இரண்டாவது கைப்பிடியை அதன்மேல் கிடத்தினாள், பிளக்கைச் சொருகினாள். பிறகு அவள் செய்ததைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு வந்த பிள்ளைக்குத் துவட்டிவிடுவது மாதிரி, ஒரு பக்கம் காற்றை விடுவாள், திருப்புவாள், அடிப்பள்ளத்தில் துண்டின் முனையை விட்டுத் திருகுவாள், மறுபடி காற்று. கால்மிதியில் போல்ட் இறங்கும் ஓட்டைகள் இருந்தன, அடி மூடிய ஓட்டைகள். அதைச் சாய்த்துத் தட்டினாள். ஒரு சொட்டு விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கூரையில் ஏதோ இருப்பதுபோல மேலே பார்த்தேன்.

முதலாளி மெதுவாக வந்து வேட்டியின் நுனியைக் கருவியின் காற்றுக்கு நேராக நீட்டினார். "கொறச்சு இங்கேயும் காட்டு மோளே" என்று கொஞ்சம் காற்றுக் கேட்டார். அவள் கண்டுகொள்ளவில்லை. வரிசைப்படிதான் வேலை.

இறக்கும் நேரம் வந்ததும் அவளை மேற்கே நிறுத்தினேன். அவளோ தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு பலகையைப் போட்டு மூடி, அதன்மேல் எங்கள் பட்டறையிலேயே குண்டான ஆளை உட்கார வைத்துவிட்டுத்தான் மேற்கே போனாள். நான் கைப்பிடியோடு அவரைக் கடந்து போகும்போது கை கொஞ்சம் அந்தப் பக்கம் போகத்தான் செய்தது. அவர் "நா இருக்கறனுங்க" என்றார்.

இரண்டும் மாசு மருவில்லாமல் வந்தன. குழி விழுந்த முதல் கைப்பிடியையும் அப்படியே சேர்த்து, மூன்றுக்கும் மறுபடி நிக்கல், குரோம், பஃப் அடித்து மெருகேற்றியது எல்லாம் வழக்கம்போல. அதை எழுதி உங்களைத் தூங்கவைக்கப் போவதில்லை.

உத்காடனத்தன்று நாற்காலியைப் பார்க்கப் போனேன். கண்ணாடி போலிருந்தது. என் வழுக்கையை அதில் பார்த்தேன், அதுவும் நன்றாகத்தான் பூச்சு ஏறியிருந்தது. மெம்பர் வந்து ரிப்பனை வெட்டினார், ஆனால் உட்காரவில்லை. அவசரக் கூட்டம் இருக்கிறதாம். போய்விட்டார். கடைவீதியில் எதிர்ப்புறம் டீக்கடை. அங்கே தாடியும் பிடரி முடியுமாக ஒரு கூட்டமே நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் சாலையைத் தாண்டவில்லை. முதல் ஆளாகப் போக எல்லோருக்கும் கூச்சம். பெரியப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தாலே மொபைல் கடை நினைவுதான் வந்தது. கவிதா சீப்பை எடுத்து வைத்தாள், எடுத்து வைத்த சீப்பை மறுபடி எடுத்து வைத்தாள்.

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"என்னங்ணா?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. தலையில் ஒன்றும் இல்லை. விசேஷத்துக்குப் போகிறோம் என்று காலையில் முகத்தையும் மழித்துக்கொண்டுதான் வந்திருந்தேன். என்னிடம் அவளுக்குக் கொடுக்க மீதி இருந்தது ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வளர்த்த மீசை, இரண்டு பக்கமும் சற்றே முறுக்கியது, என் முகத்தில் உருப்படியாக இருந்த ஒரே சொத்து.

"மீசைய எடுத்துரு அம்மிணி."

"ஒதுக்கி உட்டாப் போதாதுங்களா?"

"ஒதுக்குனா ரோட்டுக்கு அக்கட்ட தெரியாது."

அவளுக்குப் புரிந்தது. தோளில் துணியைப் போர்த்தினாள், தெளிப்பான் பாட்டிலை எடுத்து மீசை முழுக்கத் தண்ணீர் தெளித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடாதீங்க என்றாள். பிறகு என் காதோரம் குனிந்து, "எங்க வேலையில நனைக்காம கத்தி வெக்கக் கூடாதுங்ணா" என்றாள்.

மீசை போனது. டீக்கடையில் முதலில் ஒரு சத்தம் எழுந்தது, பிறகு சிரிப்பு. அருகில் வந்து என் முகத்தைப் பார்க்காவிட்டால் பிறவியே வீண் என்பதுபோல ஒருவர் சாலையைத் தாண்டினார், பின்னாலேயே இன்னொருவர், அவர் பின்னால் இருவர். உள்ளே வந்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது கடைக்குள் நின்றார்கள், நாற்காலி காலியாக இருந்தது, கவிதா துணியை உதறிக்கொண்டு "உக்காருங்க மாமா" என்று ஒருவரிடம் சொன்னாள். உள்ளே வந்து சிரித்துவிட்டுச் சும்மா திரும்பிப் போக முடியுமா? உட்கார்ந்தார். அவருக்குப் பிறகு வரிசைதான்.

மத்தியானத்துக்கு மேல் பெரியப்பாவே எழுந்து வந்து உட்கார்ந்தார். அவர் விரல் கைப்பிடியின் அடியில் வளைந்தது, நின்றது, மறுபடி தடவியது. "இதென்ன புள்ள, புது நாற்காலியில குழி?"

"அண்ணன் என்னைய மேக்க வெரட்டுன நேரமுங்க பெரியப்பா அது. கழுத்த நிமுத்துங்க."

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. கழுத்தில் கத்தி இருந்ததால் விளக்கமும் கேட்கவில்லை. அறையைப் பற்றியும் அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மொபைல் கடை பெருமாட்டிப் பக்கம் எங்கோ போய்விட்டதாகக் கேள்வி. அன்று வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். மனைவி திறந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவரு ஊட்ல இல்லீங்களே, அப்பறம் வாங்க" என்று சாத்திக்கொண்டாள்.

மீசை பிறகு வளர்ந்துவிட்டது, பழைய முறுக்கு வரவில்லை. அந்தக் குழியை அடைத்துத் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். வேண்டாமுங்ணா, ஆளுங்க உக்காந்தா வெரல் அதுக்குள்ள போய் உக்காந்துக்குது, அப்பறம் ஆடறதில்லை என்கிறாள். நான் உட்காரும்போதும் என் விரல் அங்கேதான் போகிறது. உங்கள் கையில் கொக்கியும் எதிரில் புகையும் இருக்கும் நாள் ஒன்று வரும். கொக்கியைக் கீழே போட வேண்டியிருந்தால் யோசிக்காமல் போடுங்கள். குழி விழுந்தால் விழட்டும், அதோடு குடித்தனம் நடத்தலாம்.

இன்றும் மாதத்துக்கு ஒருமுறை அவள் கடைக்குப் போகிறேன். எவ்வளவு கூட்டம் இருந்தாலும், நான் நாற்காலியை நெருங்கும்போது வேலையை நிறுத்திவிட்டு ஒரு காய்ந்த துண்டை நீட்டுவாள்.

"கையத் தொடச்சுட்டு உக்காருங்ணா."